பேரதிர்ச்சிக்குப் பின்: மனவடு எப்படி உண்டாகிறது, எப்படி ஆறுகிறது

2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை வந்துபோன நான்காம் நாள், இன்னோர் அலை வரக்கூடும் என்று மத்திய அரசு எச்சரித்தது. தமிழ்நாட்டுக் கரையோர மக்கள் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கரையைவிட்டு உட்பக்கம் ஓடினார்கள். அலை வரவில்லை. 2005 மார்ச் 28 இரவு சுமத்ரா பக்கம் மறுபடி கடலடி அதிர்ந்தபோதும் ஓடினார்கள். 2012 ஏப்ரல் 11 அன்று எச்சரிக்கை வந்தபோதும் கரை காலியானது. இந்த ஓட்டங்களை நோய் என்று யாரும் சொல்ல முடியாது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் பறிகொடுத்த மக்கள், எச்சரிக்கை கேட்டதும் ஓடுவதுதான் அறிவு.

நோய் வேறு இடத்தில் இருந்தது. எச்சரிக்கை எதுவுமே இல்லாத ஒரு சாதாரண மதியத்தில் லாரி இரைச்சல் கேட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்கும் தாய்; வருடக்கணக்காகக் கடலுக்குப் போன மனிதர், படகில் கால் வைத்ததும் உடம்பு நடுங்கித் திரும்பி வருவது; இரவெல்லாம் விளக்கை அணைக்கவிடாத பிள்ளை. அலை போய்ப் பல மாதம் ஆன பிறகும் இவர்களுடைய உடம்புக்கு அது இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறது. இதைத்தான் மருத்துவம் பிடிஎஸ்டி என்கிறது. தமிழ்நாட்டு மருத்துவர்கள் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்று எழுதுவார்கள். யாழ்ப்பாணத்தில் மனவடு என்பார்கள். இந்தக் கட்டுரையில் நான் மனவடு என்றே எழுதுகிறேன்.

முதலில் ஓர் ஆறுதலான செய்தி, அதுவும் ஆய்வில் வந்த செய்தி. அலைக்குப் பிறகு தமிழ்நாட்டு மீனவ ஊர் ஒன்றில் 314 பேரை விசாரித்து நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. அவர்களில் 12.7 விழுக்காட்டினருக்கு மனவடு நோய் இருந்தது. அதாவது, அத்தனை பெரிய சாவைப் பார்த்த ஊரிலும் நூற்றுக்கு 87 பேர் நோயாளி ஆகவில்லை. அழுதார்கள், தூக்கம் கெட்டார்கள், கடவுளைத் திட்டினார்கள். ஆனாலும் மெல்ல மெல்ல மீண்டார்கள். உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கும் இதே பக்கம்தான் நிற்கிறது: உலக மக்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையாவது பேரதிர்ச்சி தரக்கூடிய ஒன்றைச் சந்திக்கிறார்கள், அப்படிச் சந்தித்தவர்களில் மனவடு நோய்க்கு ஆளாகிறவர்கள் 5.6 விழுக்காட்டினர். வன்முறை மோதல்கள் நடந்த இடங்களில் இந்த அளவு பல மடங்கு கூடும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடமும் அப்படித்தான்.

அந்த மீனவ ஊர் ஆய்வில் என்னை அதிகம் நிறுத்திவைத்தது வேறொரு தகவல். யாருக்கு நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று பார்த்தபோது மூன்று வகையினர் தெரிந்தார்கள்: பெண்கள், அலையில் காயம்பட்டவர்கள், வீட்டில் வருமானமே இல்லாமல் போனவர்கள். மூன்றாவது வகையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அலையை எல்லோரும்தான் பார்த்தார்கள். ஆனால் படகும் வலையும் போய், அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லாமல் நின்றவர்களிடம் அந்தப் பயம் கூடுதலாகத் தங்கியிருக்கிறது. மனவடுவை மண்டைக்குள் மட்டுமே தேடினால் பாதிதான் கிடைக்கும் என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம்.

எது நோய், எது நோயில்லை

பெரிய அதிர்ச்சி நடந்த முதல் சில வாரங்களில் கெட்ட கனவும் நடுக்கமும் வருவது இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் அவை விடாமல் நின்று, வேலையையும் வீட்டையும் குலைக்கும்போதுதான் மருத்துவர்கள் நோய் என்று முடிவு செய்கிறார்கள். சிலருக்கு ஆறு மாதம் கழித்தும் வெளிப்படும்.

நோயின் அடையாளங்களுக்கு நம் பேச்சிலேயே சொற்கள் இருக்கின்றன. "கண்ணுக்குள்ளேயே நிக்குது" என்பார்கள். வேண்டாம் என்றாலும் காட்சி வந்து விழும், கனவாக வரும், சில நேரம் நடந்த இடத்திலேயே மறுபடி நிற்பதுபோல உடம்பு முழுவதும் அனுபவிக்கும். அடுத்தது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது, முதுகைச் சுவரோடு ஒட்டி உட்காருவது, தூக்கம் பிடிக்காதது, பொட்டென்று வரும் கோபம். மூன்றாவது, அந்த இடம், அந்த ஆள், அந்தப் பேச்சு எதுவும் வேண்டாம் என்று ஒதுங்குவது. நான்காவதைத்தான் குடும்பங்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. "மரத்துப்போச்சு" என்ற நிலை அது. பிள்ளை சிரித்தாலும் மகிழ்ச்சி வராது. யாரையும் நம்ப முடியாது. எல்லாம் என்னால்தான் என்ற எண்ணம் அரிக்கும்.

இவை எல்லாம் மனக்குறையாகவே வந்து நிற்பதும் இல்லை. நம் ஊர்களில் மனவடு பெரும்பாலும் உடம்பின் வழியே மருத்துவரிடம் போகிறது: தலைவலி, நெஞ்சு படபடப்பு, வயிற்றெரிச்சல், கை கால் அசதி, அடிக்கடி வரும் பெருமூச்சு. இசிஜி எடுத்து, ரத்தம் பார்த்து, "ஒண்ணும் இல்லம்மா" என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறார்கள். "இதுக்கு முன்னாடி ஏதாச்சும் பெருசா நடந்துச்சா?" என்ற ஒரு கேள்வியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்டுவிட்டால், பல வருட அலைச்சல் மிச்சமாகும்.

இந்த நோய் மருத்துவப் பட்டியலில் ஏறியதே 1980இல்தான். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களும், வன்புணர்வுக்கு ஆளான பெண்களோடு நின்று பணியாற்றியவர்களும் போராடித்தான் அந்த இடம் கிடைத்தது. முதல் உலகப் போரில் இதே நடுக்கத்தை ஷெல் ஷாக் என்றார்கள். பலரைக் கோழைகள் என்றார்கள். களத்தைவிட்டு ஓடியதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும் பிரிட்டன் சுட்டுக்கொன்ற தன் சிப்பாய்கள் 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வழங்கியது. பயத்தை ஒழுக்கக் குறைவாகப் பார்க்கும் அந்தப் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. "ஆம்பளையா இருந்துக்கிட்டு இதுக்குப் போய்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒருவரை மருத்துவரிடமிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிவைக்கிறோம்.

நினைவு ஏன் பழையதாகவில்லை

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம் ஒன்று உண்டு. அமிக்டலா என்ற பாதாம் பருப்பளவுப் பகுதி ஆபத்தை முகர்ந்து உடம்பை உசுப்பிவிடும். ஹிப்போகாம்பஸ் என்ற இன்னொரு பகுதி, நடப்பதை இடத்தோடும் காலத்தோடும் சேர்த்துக் கட்டிவைக்கும்: இது எங்கே நடந்தது, எப்போது, இதற்கு முன் என்ன, பின் என்ன. உயிர் போகிற பயத்தில் முதல் பகுதி உச்சத்தில் வேலை செய்ய, இரண்டாவது தடுமாறிப்போகிறது. அதனால் அந்த நேரத்தின் வாடை, சத்தம், தொண்டையில் இறங்கிய உப்புத் தண்ணீர், தோளில் பட்ட மரக்கட்டை எல்லாம் மிகக் கூர்மையாகப் பதிகின்றன. "இது முடிந்துவிட்டது" என்ற தேதி மட்டும் பதிவதில்லை. பிறகு எப்போதோ அதே வாடை மூக்கில் பட்டால் நினைவு, நினைவாக வராமல் நிகழ்வாகவே வருகிறது. தீபாவளி வெடி, ஹெலிகாப்டர் இரைச்சல், ஈர மண் வாடை, டெட்டால் நெடி என எது வேண்டுமானாலும் தூண்டலாம்.

சரி, பலருக்குத் தானாக ஆறுகிற இந்தப் பயம் சிலருக்கு மட்டும் ஏன் ஆறவில்லை? உடம்பு வாகு, சிறுவயதில் பட்ட அடி, அதிர்ச்சியின் கொடூரம், அதன் பிறகு கிடைத்த ஆதரவு என்று பல காரணங்கள் சேரும். ஆனால் நோயை வருடக்கணக்கில் நிறுத்திவைப்பதில் பெரும் பங்கு ஒதுங்கலுக்கு உண்டு. விபத்து நடந்த சாலையைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போகிறவருக்கு அன்றைக்கு நிம்மதி கிடைக்கிறது. ஆனால் அந்தச் சாலையில் இன்று எதுவும் நடக்காது என்பதை அவருடைய மூளை கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் அன்றைக்கே போய்விடுகிறது. நாளடைவில் ஒரு சாலை இரண்டாகும், பிறகு பஸ் பயணமே வேண்டாம் என்றாகும், கடைசியில் வீட்டு வாசல்படிதான் எல்லை.

குடும்பம் அன்பினால் இதற்குத் துணை போகிறது. இறந்த பிள்ளையின் படத்தை எடுத்து ஒளித்துவைக்கிறோம். "அந்தப் பேச்சை எடுக்காதீங்க" என்று வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவைக்கிறோம். "நடந்தது நடந்துபோச்சு, மறந்துடு" என்று தலையைத் தடவுகிறோம். அத்தனையும் நல்ல மனத்தோடு செய்வதுதான். ஆனால் மறக்கச் சொல்லப்பட்டவர் மறப்பதில்லை. தனியாக நினைக்கக் கற்றுக்கொள்கிறார். பகலில் யாரிடமும் சொல்ல முடியாததை இரவில் ஒற்றையாளாகச் சுமக்கிறார்.

அந்தத் தனிமையில் வளர்வது குற்ற உணர்வு. அலையில் பிள்ளையின் கை நழுவிப்போன தாய் தகப்பன் எத்தனையோ பேர் அந்தக் கரையில் இருக்கிறார்கள். "இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சிருந்தா" என்ற ஒரே வாக்கியத்தை வருடக்கணக்கில் மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்த நீரின் வேகத்தில் எந்த மனிதக் கையாலும் பிடித்திருக்க முடியாது என்று வெளியே நிற்கிற நமக்குத் தெரியும். அவர்களுக்கு அதைச் சொல்ல யாருமில்லை, ஏனென்றால் அந்த வாக்கியத்தை அவர்கள் யாரிடமும் உரக்கச் சொன்னதே இல்லை. இப்படிப்பட்ட எண்ணங்களை வெளியே எடுத்துவைத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு உண்மை என்று நோயாளியோடு சேர்ந்தே சோதிக்கும் சிகிச்சை முறை ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் 12 அமர்வுகளில் முடியும். பயத்தைவிடக் குற்ற உணர்வு மேலோங்கியவர்களுக்கு அது நன்றாக உதவுகிறது.

முடியாத அதிர்ச்சி

நோயின் பெயரில் "பிந்தைய" என்ற சொல் இருக்கிறது. ஈழத்தில் அந்தப் "பின்" எப்போது தொடங்கியது என்று சொல்வதே கடினம். குண்டுவீச்சு, இடப்பெயர்வு, மறுபடி இடப்பெயர்வு, ஆழிப்பேரலை, மறுபடி போர், 2009இல் முள்ளிவாய்க்காலில் இறுதிப் போர், அதன் பிறகு முட்கம்பி முகாம். யாழ் மாவட்டத்தில் 2009 ஜூலை முதல் செப்டம்பர் வரை நடந்த ஓர் ஆய்வில் மனவடு நோய் 7 விழுக்காட்டினருக்கும், மனச்சோர்வு 22.2 விழுக்காட்டினருக்கும், பதற்ற நோய் 32.6 விழுக்காட்டினருக்கும் இருந்தன. அப்போதும் இடம்பெயர்ந்தே இருந்தவர்களிடம் மனவடு 13 விழுக்காடு. வீடு திரும்பியவர்களைவிட முகாமில் இருந்தவர்களிடம் நோய் கூடுதலாக இருந்ததும், மனவடுவைவிடச் சோர்வும் பதற்றமும் அதிகமாக இருந்ததும் சேர்ந்து சொல்வது ஒன்றுதான்: போர் விட்டுப்போன துன்பத்தை ஒரே நோய்ப்பெயருக்குள் அடைக்க முடியாது.

யாழ்ப்பாணத்தில் பல பத்தாண்டுகள் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைக் கூட்டு மனவடு என்று விளக்கினார். காயம்படுவது தனியாள் மட்டுமில்லை. குடும்பத்துக்குள் இருந்த நம்பிக்கை, அயலோடு இருந்த பழக்கம், பெரியவர் சொல்லுக்கு இருந்த மதிப்பு, ஊர்க்கோயில் திருவிழா எல்லாம் காயப்படுகின்றன. அதனால் ஆற்றுவதும் மருத்துவமனைக் கட்டடத்துக்குள் மட்டும் நடக்காது என்பது அவருடைய வாதம். ஆசிரியர்களுக்கும் கிராமத்துப் பணியாளர்களுக்கும் உளவளத்துணைப் (கவுன்சலிங்) பயிற்சி கொடுப்பது, மக்கள் ஏற்கெனவே அறிந்த மூச்சுப் பயிற்சி, மந்திர உச்சாடனம், சவாசனம் போன்றவற்றைச் சிகிச்சையோடு சேர்ப்பது என்று அவரும் அவரோடு இருந்தவர்களும் வேலை செய்தார்கள்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் நிலை இன்னும் கடுமையானது. பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று தெரியாதபோது அந்தியேட்டி செய்ய முடியாது, திவசம் கொடுக்க முடியாது, படத்துக்கு மாலை போட மனம் வராது. துக்கம் தொடங்குவதற்கே அனுமதி இல்லாத நிலை அது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய அவர்களுடைய தொடர் போராட்டத்தை அரசியலாக மட்டும் பார்ப்பவர்கள், அது ஒரு மருத்துவத் தேவையும்கூட என்பதைக் காண்பதில்லை. அந்தத் தாய்மாருக்கு வேண்டிய மருந்து ஒரு பதில். அதை எந்த மனநல மருத்துவராலும் எழுதிக்கொடுக்க முடியாது.

பொதுவில் அழுவதற்கு இடம் வேண்டும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டுக் கரையில் ஒவ்வொரு டிசம்பர் 26ஆம் தேதியும் மக்கள் கடலில் பால் ஊற்றிப் பூத்தூவுகிறார்கள்; அதிகாரிகளும் வந்து நிற்கிறார்கள். ஈழத்தில் மே 18 நினைவேந்தலுக்குப் பல ஆண்டுகள் தடையும் கெடுபிடியும் இருந்தன. யாழ் பல்கலைக்கழக வளாகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரியில் இரவோடு இரவாக இடிக்கப்பட்டது; மாணவர்கள் போராடிய பிறகே திரும்பக் கட்டப்பட்டது. போரின் கடைசி நாட்களில் மக்கள் குடித்த கஞ்சியின் நினைவாக, வருடந்தோறும் மே மாதத்தில் தெருவில் நின்று முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறார்களே, அதில் ஒரு கிண்ணம் வாங்கிக் குடிப்பவர் தன் துக்கம் தன் வீட்டுக்குள் மட்டும் இல்லை என்று அறிந்துகொள்கிறார். அந்த அறிதலைத் தடுப்பது நோயை நீட்டிப்பது.

இதையெல்லாம் வாசித்து, மனவடு என்றால் போரும் பேரழிவும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. சாலை விபத்து, கணவனின் அடி, பிள்ளைப் பருவத்தில் வீட்டுக்குள்ளேயே நடந்த பாலியல் கொடுமை, பிரசவ அறையில் உயிர் போய் வந்த அனுபவம் எல்லாமே இதற்குள் வரும். நீண்ட காலம், அதுவும் நெருங்கியவர்களாலேயே துன்புறுத்தப்பட்டவர்களிடம் கோபத்தையும் அழுகையையும் கட்டுப்படுத்த முடியாமை, "நான் எதற்கும் லாயக்கில்லாதவள்" என்ற ஆழ்ந்த எண்ணம், யாரோடும் நெருங்க முடியாமை என மூன்றும் கூடுதலாகச் சேர்கின்றன. 2022 முதல் நடைமுறையில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இதைச் சிக்கலான மனவடு என்று தனியாகவே ஏற்கிறது. குடும்ப மானம் என்ற பெயரில் இவர்களை வாய்மூட வைப்பது நம் சமூகம் செய்கிற இரண்டாவது கொடுமை. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

ஆற்றுவது எப்படி

"மறந்துடு" தவறு என்றால், உடனே உட்கார வைத்து எல்லாவற்றையும் பேச வைத்துவிடலாமா? அதுவும் தவறு. விபத்தோ பேரழிவோ நடந்த சில நாட்களுக்குள் எல்லோரையும் கூட்டி, நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லவைக்கும் ஒற்றை அமர்வு முறை ஒருகாலத்தில் உலகம் முழுக்கப் பரவியிருந்தது. அது மனவடுவைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கேடும் செய்யக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியதால் இப்போது பரிந்துரைப்பதில்லை. ஆரம்ப நாட்களில் வேண்டியது வேறு: பாதுகாப்பான இடம், சோறு, தண்ணீர், தூங்க ஒரு பாய், பிரிந்த உறவுகளைத் தேடிச் சேர்த்தல், பேச விரும்பினால் கேட்க ஒரு காது. ஆழிப்பேரலைக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தினர் வந்து உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி அளித்தபோதும் அழுத்தம் இந்த உளசமூகப் பணியில்தான் இருந்தது.

மாதங்கள் கடந்தும் நோய் நின்றுவிட்டவர்களுக்குத்தான் முறையான சிகிச்சை. பல பெயர்களில் பல முறைகள் உண்டு. அடிப்படை ஏறத்தாழ ஒன்றே. பாதுகாப்பான அறையில், பயிற்சி பெற்றவர் துணையோடு, நோயாளி அந்த நினைவுக்குள் தானே நடந்துபோய்த் திரும்பி வருவது. சிக்கு விழுந்த வலையை இழுத்தால் இன்னும் இறுகும், மூலையில் போட்டால் மட்கிப்போகும். உட்கார்ந்து கண்ணி கண்ணியாகத்தான் எடுக்க வேண்டும். இதுவும் அப்படிப்பட்ட வேலை.

அவற்றில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது போர் நடந்த ஊர்களுக்காகவே உருவானது, ஈழத்திலும் பயன்பட்டது. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேகி ஷாவர், ஃப்ராங்க் நாய்னர், தாமஸ் எல்பெர்ட் ஆகியோர் வகுத்த கதைசொல்லல் சிகிச்சை அது. முதல் அமர்வுகளில் ஒரு கயிற்றைத் தரையில் நீட்டிவைப்பார்கள். அதுதான் அவருடைய வாழ்க்கை. பிறந்தது முதல் இன்றுவரை நடந்த நல்லவற்றுக்கு ஒவ்வொரு பூ, கொடுமைகளுக்கு ஒவ்வொரு கல். கயிற்றின் நுனி இன்னும் சுருண்டே இருக்கும், அது இனி வரப்போகும் நாட்கள். பிறகு ஒவ்வொரு அமர்விலும் ஒரு கல். அப்போது என்ன மணி இருக்கும்? யார் பக்கத்தில் நின்றார்கள்? என்ன சத்தம்? நெஞ்சு என்ன செய்தது? இப்போது இதைச் சொல்லும்போது நெஞ்சு என்ன செய்கிறது? இப்படி அன்றையையும் இன்றையையும் மாறி மாறித் தொட்டபடி கதை நகரும். துணையாளர் அதை எழுதி, அடுத்த முறை வாசித்துக் காட்டுவார். முடிவில் முழு வாழ்க்கையும் எழுத்தாக அவர் கையில் இருக்கும். அவர் விரும்பினால் அது சாட்சியமும் ஆகும்.

போரும் அலையும் இரண்டும் தாக்கிய இலங்கையின் வடகிழக்கில், முகாமில் இருந்த 31 பிள்ளைகளுக்கு ஒரு சோதனை நடந்தது. முடிவுகள் 2009இல் வெளியாகின. பாதிப்பேருக்கு இந்தக் கதைசொல்லல் சிகிச்சை, மீதிப்பேருக்குத் தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும். இரண்டு குழுவுக்கும் ஆறு அமர்வுகள். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்த் துணையாளர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாம் குழுவில் 71 விழுக்காட்டினரும் மீண்டிருந்தார்கள். சிறிய ஆய்வு, சிகிச்சையே பெறாத குழு ஒன்று அதில் இல்லை, ஆகவே தானாக எத்தனை பேர் மீண்டிருப்பார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் அதன் முடிவு எனக்கு நம்பிக்கை தருகிறது. பெரிய நிபுணர் இல்லாத ஊரிலும், அந்த ஊர் ஆட்களைக்கொண்டே, சில வாரங்களில் பிள்ளைகளைத் தூங்கவும் படிக்கவும் வைக்க முடிந்திருக்கிறது.

பயந்த சூழலுக்குப் படிப்படியாகத் திரும்பிப் போகப் பழக்கும் முறையும், நினைவை மனத்தில் வைத்துக்கொண்டே கண்ணை இருபுறமும் அசைக்கச் சொல்லும் இஎம்டிஆர் முறையும் ஆய்வுகளில் நன்றாக நின்றவை. எந்த முறையிலும் முதல் சில அமர்வுகளில் கனவு கூடலாம், மனம் கனக்கலாம். பலர் அந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அதை முன்கூட்டியே சொல்லிவைக்கும் மருத்துவரைத் தேடுங்கள்.

மாத்திரை பற்றி: செர்ட்ரலின், பராக்சிடின், வென்லாஃபாக்சின் ஆகியவை சிலருக்குப் பதற்றத்தையும் சோர்வையும் குறைத்துத் தருகின்றன. பலன் தெரியச் சில வாரம் ஆகும்; நன்றாகிவிட்டது என்று திடீரென நிறுத்தக் கூடாது. அல்பிரசோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளை நம் ஊர்களில் தாராளமாக எழுதுகிறார்கள். மனவடுவுக்கு அவற்றைச் சிகிச்சை வழிகாட்டிகள் பரிந்துரைப்பதில்லை. பழகிப்போகும், உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். சாராயமும் அதே வேலையைத்தான் செய்கிறது, கூடவே வீட்டில் இன்னொரு மனவடுவை உண்டாக்குகிறது.

கோயிலும் மந்திரிப்பும்? பயந்த பிள்ளைக்கு விபூதி போடுவது, தர்காவில் ஓதிக் கயிறு கட்டுவது, வேப்பிலை அடிப்பது இவற்றை இகழ்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அலைக்குப் பிறகு மீனவ மக்களிடம் பேசிய வேலூர் சிஎம்சி மருத்துவர்கள், அம்மக்கள் மனநலச் சேவைகளைவிடத் தங்கள் உறவு, ஊர், நம்பிக்கை இவற்றையே பெரிதாக மதித்ததை 2008இல் பதிவு செய்தார்கள். அந்தத் துணைகள் உண்மையானவை. கை வைத்து ஓதும்போது பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு பெரியவரின் முழுக் கவனம். ஆனால் நோய் மாதக்கணக்கில் நீண்ட பிறகும் அங்கேயே நின்றுவிடுவது, அல்லது "இவ ராசிதான் எல்லாரையும் முழுங்கிருச்சு" என்று தப்பிப் பிழைத்தவள் மேலேயே பழியைத் திருப்புவது, இரண்டும் கூடாது.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால்

அவர் பேசத் தொடங்கும்போது நாம் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லாமல் இருப்பதுதான் கடினம். "அழாத", "நமக்காவது இவ்வளவோட போச்சு", "மத்தவங்களைப் பாரு" என்று வாய் வரை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். முழுதாகச் சொல்லவிடுங்கள், துருவிக் கேட்காதீர்கள், பாதியில் நிறுத்தினால் விட்டுவிடுங்கள். அடுத்த முறை உங்களிடம்தான் வருவார்.

காட்சி கண்முன் வந்து அவர் விறைத்துப்போகும் நேரத்தில் உலுக்காதீர்கள், பின்னாலிருந்து தொடாதீர்கள். எதிரில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நீங்கள் யார், இது எந்த ஊர், இன்று என்ன கிழமை என்று நிதானமாகச் சொல்லுங்கள். பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லலாம், கையில் ஒரு குளிர்ந்த டம்ளரைக் கொடுக்கலாம், சுற்றிலும் தெரியும் பொருட்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லச் சொல்லலாம். தேதி இல்லாமல் வந்த நினைவுக்கு இன்றைய தேதியைக் காட்டும் வேலை இது. வெளிமூச்சை நீளமாக விடப் பழகினால் படபடப்பு இறங்கும்.

அவருக்குப் பதிலாக எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடாதீர்கள். கடைக்குப் போகப் பயந்தால், முதலில் கூடப் போங்கள், பிறகு தெருமுனையில் நில்லுங்கள், பிறகு வீட்டில் இருங்கள். தூங்கி எழும் நேரம் ஒழுங்காகட்டும். சம்பாத்தியம் ஏதாவது ஒன்று கையில் வரட்டும். அந்த மீனவ ஊர் ஆய்வை மறக்க வேண்டாம். முன்னேற்றம் ஒரே சீராக இருக்காது. நன்றாக இருந்தவர் டிசம்பரிலோ மே மாதத்திலோ, அல்லது இறந்தவரின் திதி நெருங்கும்போதோ, திரும்பவும் தூக்கம் கெடுவார். பழைய நிலைக்கே போய்விட்டதாகப் பதறத் தேவையில்லை. சில வாரங்களில் பெரும்பாலும் தணியும், தணியாவிட்டால் மறுபடி மருத்துவரைப் பார்க்கலாம்.

"நான் இருந்து என்ன பிரயோசனம்" என்ற வகைப் பேச்சு வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள். தமிழ்நாட்டில் மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசின் டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழில் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.